சத்தி எடுக்காத ஜீப்

கொழும்பு வெள்ளவத்தையில் நிற்கிற வாகனத்துக்குள் சும்மா இருக்கக்கூடாது. ஏறலாம், இறங்கலாம், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவலாம். உள்ளே இருந்துகொண்டு எங்கும் போகாமலிருந்தால், யாராவது ஜன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பார்கள். பிறகு பொலிஸுக்குச் சொல்லத் தொலைபேசியைத் தேடுவார்கள். குண்டுக்குப் பயந்த நகரம், குறை சொல்ல முடியாது. ஊரில் இருப்பவர்களுக்கு இது புதினமாக இருக்கும், இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் ஒரு ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குந்தியிருந்தோம்.

காரணம் அம்மா. சண்டை கொஞ்சம் ஓய்ந்து, யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. எந்த நேரமும் பூட்டிவிடுவார்கள் என்று எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து தன் வீட்டைப் பார்க்காத அம்மா மட்டும் அசையவில்லை. பஸ்ஸைக் கண்டாலே அவருக்கு வயிறு புரட்டும். "சத்தி எடுத்து எடுத்துப் போய் என்ர வீட்டு வாசல்ல இறங்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். பாதை பூட்டுவதற்குள் அம்மாவைக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். பெரிய ஜீப் என்றால் குலுக்காது என்று என் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். பழையதாக ஒன்று தேடத் தொடங்கினேன்.

நுகேகொடையில் நிமல் என்ற சிங்களவரிடம் ஒன்று இருந்தது. சேறு, காடு, ஆறு எல்லாவற்றிலும் ஓடும், வீதியே தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னார். வீதியில்லாத இடத்தில் ஓட்டுவது இங்கே ஒரு பொழுதுபோக்கு. எங்களுக்கு வீதியே அப்படித்தான். அப்பா ஜீப்பைச் சுற்றி வந்து, மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மண்ணெண்ணெயில ஓடுமோ எண்டு கேள்."

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடை நாட்களில் அப்பா தன் பழைய காரை அப்படித்தான் ஓட்டினார். கார்பரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உறுமவைத்து, பிறகு மண்ணெண்ணெய். பின்னால் வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். நான் அந்தக் கேள்வியை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். நிமல் சிரித்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் டாங்க் மூடியை இறுக்கினார்.

குலுக்காத வண்டி என்பதை எப்படி நிச்சயப்படுத்துவது? அதற்கும் அப்பாதான் வழி சொன்னார்: வாங்குவதற்கு முன்பு எல்லோரும் ஏறி இருந்து பார்க்க வேண்டும். நிமல் நல்ல மனிதர். ஜீப்பை எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவந்து, திறப்பை என் கையில் தந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஓட்டிப் பார்க்கலாமே என்றேன். பிறத்தியாருடைய டீசலை எரிக்கக்கூடாது என்றார் அப்பா. வழியில் புழுதி இருக்கும் என்று கறுப்புக் கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னார். வேர்த்து ஒழுகியது. அம்மா சத்தி வராமலிருக்கத் தேசிக்காயை மணந்துகொண்டிருந்தார். அப்பா முன் சீட்டிலிருந்து ஊர்களை அறிவித்துக்கொண்டு வந்தார்.

"குருநாகல். இப்ப அனுராதபுரம். வவுனியா தாண்டியாச்சு. ஓமந்தைச் செக்பொயின்ற் வருது, எல்லாரும் அடையாள அட்டையை எடுத்து வையுங்கோ."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் தட்டு விழுந்தது. என் மகள் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினாள். வெளியே பொலிஸ்காரர்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்றார்.

என் மனைவி வசந்தி பொய் சொல்லத் தெரியாதவள். எங்கும் போகவில்லை என்றாள் சிங்களத்தில்.

"அப்படியென்றால் ஏன் இருக்கிறீர்கள்?"

"மாமி சத்தி எடுப்பாவா என்று பார்க்கிறோம்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தேசிக்காயை உயர்த்திக் காட்டினார். வாகனம் எங்கள் பெயரிலும் இல்லை. மோட்டார் சைக்கிளில் முன்னே போய், பொலிஸ் நிலையத்துக்குப் பின்னால் வரச் சொன்னார்.

காலி வீதி என்ற பெரிய தெருவில் கொள்ளுப்பிட்டிப் பக்கமாக ஓட்டினேன். அப்பா திரும்பி, "பயப்பிடாதை, வடக்குப் பக்கமாத்தான் போறம்" என்று அம்மாவைத் தேற்றினார். அம்மா கோயிலில் இருப்பதுபோல நேராக இருந்தார். சத்தியே வரவில்லை. நாங்கள் போவதைத் தேநீர்க் கடையிலிருந்து கண்ட நிமல் பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவந்து விளக்கினார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை அனுப்பினார். திரும்பி வந்து எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பியதும், நிமலின் சீட் முழுக்க அம்மா சத்தி எடுத்தார். அதற்குப் பிறகு பேரம் பேச எனக்கு முகம் இல்லை. வாங்கிவிட்டேன்.

அடுத்த வாரமே போனோம். யாழ்ப்பாணம் வரையும் அம்மா முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார். கொழும்பில் பிறந்த மகள்தான் வவுனியாவிலிருந்து சத்தி, சத்தி. அம்மா தன் வீட்டு வாசலில் சீலை கசங்காமல் இறங்கினார். ஒரு கிழமை கழித்துத் திரும்பினோம். மகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அம்மா யாழ்ப்பாண எல்லையான ஆனையிறவு தாண்டமுன்னமே சத்தி எடுக்கப் பையைக் கேட்டார். எனக்கு இரண்டு முறையும் வயிறு புரட்டியது. ஓட்டுகிறவன் என்பதால் ஒருவருக்கும் சொல்லவில்லை.