களிமண் தொட்டியிலிருந்து படகுப் பந்தயத்துக்கு

தொட்டியில் களிமண் கரைக்கிறவனுக்குத் தோள் மட்டும்தான் நிரந்தரம், வேலை நிரந்தரமில்லை.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் நாங்கள் நாலு பேர் அந்த வேலையில் இருந்தோம். நான், ஷேக், கலியபெருமாள், அவன் தம்பி வேலு. தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு மரத்துடுப்பைப் பிடித்து, களிமண் குழம்பை நாள் முழுக்கக் கிண்ட வேண்டும். நிறுத்தினால் மண் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று வருஷமாகத் தற்காலிகம். இதைப் படிக்கிறவர்களில் தற்காலிகமாக வேலை பார்த்தவர்கள் இருந்தால், நான் மேலே விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நாலு தோள்கள்

ஒருநாள் மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். சென்னையில் தொழிலாளர்களுக்கு விளையாட்டுப் போட்டி வைக்கிறார்களாம். ஓட்டத்துக்கும் கபடிக்கும் பெரிய ஆலைக்காரர்கள் முந்திக்கொண்டு பேர் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது படகுப் பந்தயம் ஒன்றுதான். மானேஜருக்கு எதிலாவது நம் ஆலைப் பேர் வரவேண்டும் என்று ஆசை. துடுப்பு என்றதும் அவருக்கு எங்கள் தொட்டி ஞாபகம் வந்துவிட்டது.

"முதல் மூணு இடத்துல வந்துடுங்க. நாலு பேரையும் நிரந்தரம் பண்ணிடறேன்" என்றார். ஷேக் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். கலியபெருமாள் மட்டும் நிதானமாகக் கேட்டான்:

"சரிங்க சார். படகுன்றது எப்படி சார் இருக்கும்?"

கிரீஸ் நாட்டுப் பையன்கள்

படகு எப்படி இருக்கும் என்பதை ஷேக்கின் மாமா கடையில் கண்டுபிடித்தோம். புளி மடித்துக் கொடுத்த இங்கிலீஷ் பேப்பரில் ஒரு படம். நீளமான ஒல்லிப் படகு, அதில் நாலு இளவட்டங்கள், ஆளுக்கொரு துடுப்பு, எங்களைப் பார்த்து ஒரே சிரிப்பு. புளிக்கறையைத் துடைத்துவிட்டு டைம்கீப்பர் சாமிநாதன் சாரிடம் கொண்டுபோனோம். ஆலைக்குள் நுழைகிற நேரமும் வெளியே போகிற நேரமும் எழுதுவது அவர் வேலை. இங்கிலீஷ் படிப்பது அவர் பெருமை.

கிரீஸ் நாட்டுப் பையன்களாம். வெளிதேசங்களில் நடந்த போட்டிகளில் நல்ல இடங்களில் வந்திருக்கிறார்கள், வருகிற வருஷங்களில் இன்னும் பெரிதாக வருவார்கள் என்று எழுதியிருந்தது. படத்தைத் தொட்டிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினோம். கிண்டிக்கொண்டே பார்ப்போம். கையை எங்கே வைத்திருக்கிறான், காலை எப்படி மடக்கியிருக்கிறான், எல்லாம் மனப்பாடம். அவர்கள் எங்கள் பக்கம்தான் வேகமாக வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

சாமிநாதன் சார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பசங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்குதுன்னு போட்டிருக்கான்யா. உங்களைப் பத்தி ஒண்ணும் போடல."

மணலில் ஓடிய படகு

மணிமுத்தாற்றில் அப்போது தண்ணீர் இல்லை. எங்களிடம் படகும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. ஆலையிலிருந்து ஒரு நீள பெஞ்சைத் தூக்கிப்போய் ஆற்று மணலில் போட்டு, சாயங்காலம் வேலை விட்டதும் நாலு பேரும் வரிசையாக உட்காருவோம். முகமெல்லாம் கோயில் கோபுரத்தைப் பார்த்து. கோபுரம்தான் பந்தயத்தின் எல்லை என்று வைத்துக்கொண்டோம். களிமண் துடுப்பால் மணலை வாரி வாரிப் பின்னால் தள்ளுவோம். ஷேக் முன்னால் உட்கார்ந்து "ஏலே, இழு" என்று தாளம் போடுவான்.

மணலில் ஊற்று தோண்டித் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் பக்கத்தில் வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சென்னைக்கு என்றான் வேலு. அந்த அம்மாளுக்கு எங்கள் மேல் நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது.

"வேப்பூருக்குப் போய் நின்னீங்கன்னா பஸ்ஸு நெறைய இருக்குதுப்பா. அதுலயே போயிடலாம்ல."

பெண் வீட்டார் வருகை

அந்த வாரமே எனக்குப் பெண் கொடுக்க நினைத்திருந்த சேத்தியாத்தோப்புக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பெண்ணை ஏற்கெனவே நான் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. தற்காலிகத்தைத்தான் பிடிக்கவில்லை. வீட்டில் நான் இல்லாததால் ஆற்றில் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வந்தவர் கரையில் குடையோடு நின்று, தம் வருங்கால மருமகன் வறண்ட ஆற்றில் பெஞ்சு ஓட்டுவதைப் பார்த்தார். நான் ஓடிப்போய் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மூன்றாவது இடம் வந்தால்கூட நிரந்தரம் என்றேன். அவர் பெஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார்.

"நிரந்தரம் ஆனதும் ஒரு கார்டு போடுங்க தம்பி, தேதி பாக்கலாம். அதுவரைக்கும் பெஞ்சுலேருந்து எறங்காதீங்க."

திரும்பி உட்காருங்க

சாமிநாதன் சார் துணைக்கு வர, சென்னை போய்ச் சேர்ந்தோம். அடையாற்றுத் தண்ணீரில் நிஜமான படகு கிடந்தது. எங்கள் படத்தில் இருந்த அதே ஒல்லிப் படகு. பழகிய ஆட்கள் போல ஏறி, போக வேண்டிய திசையைப் பார்த்து ஜம்மென்று உட்கார்ந்தோம். படகைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா நைனா, அல்லாரும் திரும்பிக் குந்துங்க" என்றார்.

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தோம். பக்கத்துப் படகுகளைப் பார்த்தால் அத்தனை பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் படகில் துடுப்பு விளிம்பில் மாட்டியிருக்கும். முதுகுப் பக்கமாகத்தான் படகு போகும். ஒரு மாதம் கோபுரத்தைப் பார்த்துக் கோபுரத்துக்கே போனவர்களுக்கு இது எப்படித் தெரியும்? சுவரில் இருந்த பையன்கள் எங்களை நோக்கி வரவில்லை, எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கார்டு போடச் சொன்னவர் முகம்தான் கண்ணில் நின்றது. ஷேக் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"அந்தப் பசங்க ஒரு மாசமா நம்மளப் பாத்துச் சிரிச்சது இதுக்குத்தான் போலருக்குது."

முன்னால் யாரும் இல்லை

மொத்தம் ஐந்து படகுகள். திசை காட்ட ஒவ்வொரு படகிலும் போட்டிக்காரர்களே ஓர் ஆளை வாலில் உட்காரவைத்திருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் தலையில் துண்டு கட்டிய பெரியவர். விசில் ஊதியதும் இழுத்தோம். களிமண் குழம்பைக் கிண்டிய கைக்குத் தண்ணீர் ஒன்றுமே இல்லை. ஆனால் நாலு துடுப்பும் நாலு நேரத்தில் விழுந்தன. படகு ஒரு பக்கம் நெளிந்து, இன்னொரு பக்கம் நெளிந்து போனது.

பாதித் தூரம் போயிருப்போம். கலியபெருமாள் "நமக்கு முன்னாடி ஒருத்தனையும் காணோம்டா" என்றான். பார்த்தேன். உண்மைதான். கண்ணுக்கு எட்டிய வரை வெறும் தண்ணீர், தூரத்தில் புறப்பட்ட கரை. முன்னால் யாரும் இல்லையென்றால் முதலில் போவது யார்? பிறந்ததிலிருந்து முன்னால் பார்த்தே நடந்து பழகிய புத்தி. வேலு துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கரையில் இருந்தவர்களுக்குக் கை காட்டினான். நானும் காட்டினேன். நிரந்தரம், நிரந்தரம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்த துண்டுக்காரர் கத்தி ஓய்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"தம்பிங்களா, மத்தவங்கள்லாம் கரையேறி டீ குடிச்சிக்கினு கீறாங்க. உங்க முதுகாண்ட."

கடைசியில் வந்தவர்களைத் தேடி வந்தவர்

அதற்குப் பிறகு இழுத்தோம் பாருங்கள், அதுதான் இழுப்பு. வெட்கத்தில் இழுத்தது. தாளம் தானாக ஒன்று சேர்ந்துகொண்டது. கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். அதனால் என்ன, ஐந்தாவது ஐந்தாவதுதான். ஒரு மரத்தடியில் போய் நாலு பேரும் உட்கார்ந்தோம். சாமிநாதன் சார் மட்டும் யாரோ ஒரு சென்னை ஆலை அதிகாரியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மானேஜர் அறையில் தலைகுனிந்து நின்றோம். எத்தனையாவது என்றார். ஐந்தாவது என்றான் கலியபெருமாள். மொத்தம் எத்தனை என்றார். அதையும் சொன்னான். மானேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார். என் கல்யாணத்தையே மூடி வைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் சாமிநாதன் சார் கதவோரம் நின்றபடி, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்:

"மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரர் இவங்க கையைப் பாத்துட்டு, நாலு பேரையும் நிரந்தரமாவே எடுத்துக்கறேன்றாரு சார். திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காரு. தொட்டில மண்ணு கரைக்க வேற ஆளு பாக்கணும், அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கார்டு

சனிக்கிழமையே எங்கள் மானேஜர் கையெழுத்துப் போட்ட நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. நாலு பேருக்கும் நாலு தாள். நான் கார்டு போடவில்லை. கார்டு போய்ச் சேரும் வரை யார் காத்திருப்பது? தாளை எடுத்துக்கொண்டு நானே சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். அவர் அதை வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தார். ஜெயிச்சிட்டீங்களா என்று கேட்டார். இல்லைங்க, கடைசி என்றேன். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அது யார் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அவர் தாளை ஜாக்கிரதையாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"அடுத்த வருஷம் கூப்பிட்டாங்கன்னா போய்டாதீங்க மாப்ளே. தப்பித் தவறி ஜெயிச்சித் தொலைச்சிடப் போறீங்க."

ஒரு படகுப் பந்தயத்தில் கடைசியாக வந்ததற்காக மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவன் இந்த நாட்டில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.