இருக்கியளா என்று கேட்கும் குரல்

ரமீஜா என்ன வேலை செய்கிறாள் என்று சொன்னால் ராஜபாளையத்தில் அவள் தெருக்காரர்களில் பாதிப் பேருக்கு விளங்காது. மீதிப் பேர் விளங்கியமாதிரி தலையாட்டுவார்கள். கம்ப்யூட்டரில் பிரவுசரோடு ஒட்டவைத்துக்கொள்ளும் சின்னச் சின்ன ஆட்-ஆன்களை ஊர் உலகத்தில் யார் யாரோ செய்து இலவசமாகப் போடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். செய்கிறவனுக்கு மூளை இருக்கும், வாய் இருக்காது. இது இன்னது செய்யும், இன்னது செய்யாது என்று மற்றவனுக்குப் புரிகிறமாதிரி ஒரு பக்கம் எழுத வராது. அந்தப் பக்கத்தை எழுதிக்கொடுப்பவள் ரமீஜா. பகலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை, வீடு திரும்பியபின் இது. பூசி மெழுகாமல் எழுதுவாள் என்று பெயர்.

புருஷன் நவாஸ் செய்த ஆட்-ஆனுக்கு மட்டும் அவள் எழுதவேயில்லை.

திரையில் இருக்கும் தமிழை வாசித்துக்காட்டும் ஆட்-ஆன் அது. மம்சாபுரத்து முத்துப்பாண்டிக்குக் கண் தெரியாது. அந்தக் கூட்டாளிக்காக நவாஸ் தன் குரலையே துண்டு துண்டாகப் பதிந்து, ஒட்டிச் செய்தான். வாசித்துக்கொண்டே வருகையில் யாரும் எதையும் தொடவில்லை என்றால், நிறுத்தி, "இருக்கியளா?" என்று கேட்கும். பிறகு ஒரு மழைக்காலத்தில் செண்பகத்தோப்பு ரோட்டில் பைக்கோடு விழுந்து மவுத்தாகிவிட்டான். ஆட்-ஆனின் பக்கத்தில் அவன் எழுதிவைத்த ஒற்றை வரி அப்படியே கிடந்தது: போட்டுப் பாருங்க, தெரியும்.

போட்டுப் பார்த்தவர்களுக்குக் குலை நடுங்கியது. ஆளில்லாத அறையில் ஓர் ஆண்குரல் இருக்கியளா என்றால் யாருக்குத்தான் நடுங்காது? எவனோ மைக் வழியாக ஒட்டுக்கேட்கிறான் என்று ஒருவர் எழுதினார். இது பேய் என்று இன்னொருவர். தெளிவாக எழுதிப் போடாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று ஆட்-ஆன்களைப் போட்டுவைக்கும் தளத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எடுத்துவிட்டால் புதிதாக யாருக்கும் கிடைக்காது. பிரவுசர் மாற மாற, இருக்கிறவர்களிடமும் நவாஸின் குரல் அடைத்துப்போகும்.

எழுத உட்கார்ந்த ரமீஜாவுக்குக் கை ஓடவில்லை. காரணம் அடுப்படியில் இருந்தது.

நவாஸின் உம்மா நூர்பானு, மகன் போனதிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை அணைக்க விடுவதில்லை. ஏதாவது செய்தியை வாசிக்கவிட்டு, அடுப்படியில் தன்பாட்டுக்கு வேலை பார்ப்பாள். இருக்கியளா என்று குரல் கேட்கும். "இருக்கேன்லே" என்பாள். குரல் அடங்கிவிடும்.

"பாத்தியாட்டி, பதில் சொன்னா அடங்கிருதான். உசுரோட இருக்கையில பெத்தவளுக்கு ஒரு மரியாத உண்டா? இப்ப இருக்கியளாங்கான்."

அந்தக் குரல் ஏன் அடங்குகிறது என்று தெரிந்தவள் ரமீஜா. தெரிந்தும், தனியாக இருக்கையில் அவள் வாயும் இருக்கேன் என்று முனகியிருக்கிறது.

எளிமையானது, இனிமையானது, உங்கள் இல்லத்துக்கு உகந்தது என்று எதையோ எழுதி, முத்துப்பாண்டிக்கு போனில் வாசித்துக் காட்டினாள்.

"தங்கச்சி, இது மிட்டாய்ப் பொட்டலத்து மேல எழுதுறது மாதிரில்லா இருக்கு. அவன் எதுக்குக் கேக்கான்னு எழுதலையே."

"எழுதினா மாமி தாங்காதுண்ணே."

"எழுதலன்னா அவனையே எடுத்துருவானுவ. பொறவு எனக்கு யாரு வாசிப்பா?"

முழுவதையும் அழித்துவிட்டு எழுதினாள். காதால் கேட்டுத்தான் எதையும் திருத்துவது அவள் பழக்கம். இதுவோ கண் தெரியாதவர்கள் கேட்கப்போகிற பக்கம். வாசிக்கவிட்டாள். அடுப்படியில் மீன் செதில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நவாஸ் வாசித்தான்: "இது உங்கள் பேச்சைக் கேட்காது. மைக்கைத் தொடாது. நீங்கள் தூங்கிவிட்டீர்களா என்று அறிய, இருக்கியளா என்று கேட்கும். ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் தொடர்ந்து வாசிக்கும். அழுத்தாவிட்டால், ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நவாஸ். அவர் உயிரோடு இல்லை."

தன் சாவைத் தானே சொல்கையில் அந்தக் குரல் கொஞ்சமும் இடறவில்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படுவதைச் சொல்வதுபோலச் சொல்லிற்று. செதில் சத்தம் நின்றிருந்தது. ரமீஜா திரும்பிப் பார்க்கவில்லை, கீயைத் தொடவும் இல்லை. கடைசி வரிக்கு முன்னால் குரல் நின்றது.

"இருக்கியளா?"

அடுப்படியிலிருந்து பதில் வரவில்லை. கை நிறையச் செதிலோடு நூர்பானு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப நா சொன்னதுக்கு அவன் அடங்கலையா?"

"இல்ல மாமி."

"ஒவ்வொரு தடவையும் உம்மா இல்லைன்னுல்ல நெனச்சிட்டுப் போயிருக்கான். இத முன்னமே எழுதித் தொலைக்கதுக்கென்ன ஒனக்கு?"

ரமீஜா கீபோர்டை மாமியின் பக்கம் நகர்த்தினாள்.

"எந்தக் கீய அமுக்கணும்ட்டி?"

"எதுனாலும்."

ஈர விரலால் நூர்பானு ஒன்றை அழுத்தினாள். விட்ட இடத்திலிருந்து குரல் தொடர்ந்தது: "சந்தேகம் இருந்தால் ரமீஜாவுக்கு எழுதுங்கள்."

ஒரு சொல்லும் மாற்றாமல் ரமீஜா பக்கத்தைப் போட்டாள். கீயில் ஒட்டியிருந்த செதிலை அவள் துடைக்கவில்லை. நூர்பானுவும் கீயிலிருந்து விரலை எடுக்கவில்லை.