உலை வைக்க ஆளேது

என் நைனா ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் கீப்பராக இருந்தார். கேட்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தோம். கேட்டை இறக்கிவிட்டால் மாட்டு வண்டிக்காரனும் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்கு சைக்கிளில் போகிறவனும் நின்றுதானே ஆக வேண்டும். அவர்களுக்காகவே நைனா தினமும் ஏதாவது ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பார்.

“கேட்டு மூடிக்கினா இந்தாண்ட நிக்கிறவனுக்கு அந்தாண்ட அவசரம், அந்தாண்ட நிக்கிறவனுக்கு இந்தாண்ட அவசரம். தொறந்து உட்டா ரெண்டு பேருக்கும் வழி கெடையாது” என்பார். ரயில் தாமதமானால்கூட யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். காலையில் அவர் சொன்னது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்விடும். எனக்குப் பெருமை தாங்காது.

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டிருந்த காலை. மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கக் கூட்டத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். நைனாவின் ஒரே தங்கை. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். இடுப்பில், கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த பித்தளைக் குடம். அத்தை வந்தால் எனக்கு முறுக்கு வரும். வெறும் குடத்தைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது.

அத்தை குனிந்து நுழையப் பார்த்தாள். “ரயிலு வர்ற நேரத்துல இன்னா அவசரம்? நில்லு” என்றார் நைனா. சட்டம் தங்கைக்கும் ஒன்றுதான். பிறகு தண்டவாளத்தைத் தாண்டிக் குரல் கொடுத்தார். “இன்னா, குடமும் கையுமா வர்ற?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுபடியும் கேட்டதால், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

“ண்ணா, அடி தாங்கலண்ணா. இனிமே அங்க போவ மாட்டேன். உன் ஊட்ல ஒரு மூலையில இருந்துக்குறேன்.”

கூட்டம் நைனாவின் வாயைப் பார்த்தது. நைனா பொல்லாதவர் இல்லை. தங்கை என்றால் உயிர். ஆனால் காத்திருக்கும் முகங்களைக் கண்டால் அவருக்கு நாக்கு நிற்காது.

“அடி வாங்கனவ எல்லாம் பொறந்த ஊட்டுக்கு வந்துட்டா, ஊருல ஒல வெக்க ஆளேது?”

இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூடைக்காரப் பெண்களும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அப்புறம் ரயில் வந்து அவளை மறைத்துவிட்டது.

கேட் திறந்ததும் அந்தப் பக்கம் நின்ற எல்லாரும் இந்தப் பக்கம் வந்தார்கள். அத்தை மட்டும் குடத்தோடு வந்த வழியே போய்க்கொண்டிருந்தாள். நைனா கூப்பிட்டுப் பார்த்தார். அடுத்த வண்டிக்கு மணி அடித்துவிட்டது, கேட்டை விட்டுப் போக முடியவில்லை. வாசலில் அம்மா அரிசி களைந்த கையோடு நின்றிருந்தாள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. விறகு நனைந்திருக்கும் என்று நினைத்தேன்.

தை பிறப்பதற்குள் அத்தை செத்துப்போன சேதி வந்தது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். போய்வந்த நைனா அதன் பிறகு கேட்டில் வாயைத் திறக்கவே இல்லை. “இன்னாபா, இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஜனங்களும் விட்டுவிட்டார்கள். அவர் வாயை மூடி என்ன பிரயோசனம்? அந்தப் பேச்சு எப்போதோ ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது.

என்னை மணவாள நகரில் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு நாள் வீங்கிய உதட்டோடு, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கினேன். மாமியார் அக்கம்பக்கத்தார் முன்னால் அதையே சொன்னார், ஒரு சொல் மாறாமல். அது யார் வாயில் பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையைக் கீழே வைத்தேன்.

நைனா சொன்னது அத்தைக்குப் பிடித்துவிட்டது, அதனால்தான் சிரிக்கிறாள் என்று அன்று கேட் ரூம் படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.