நலங்கு மஞ்சளுக்கு அடியில்

சோறு கொதிக்கும் வாசனை பிடிக்காமல் போனதுதான் முதல் அறிகுறி. ஏழாம் மாதத்தில் மசக்கை திரும்பி வருமா என்று நானே சிரித்துக்கொண்டேன். வயிற்றில் பிள்ளையோடு இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் சிரிக்க வேண்டாம். கண்ணாடி எடுத்துக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

நானும் என் கணவர் முருகேசனும் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். ஒரகடத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. வயிறு வெளியே தெரிந்ததும் கான்ட்ராக்டர் என்னை நிறுத்திவிட்டார். வருத்தமில்லை, இனி காலை நீட்டிப் படுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

கம்பெனி கேன்டீனில் சுத்திகரித்த தண்ணீர் எந்நேரமும் வரும். லைன் வீட்டில் போர் தண்ணீர்தான். கழிவறைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே அந்தப் போரைப் போட்டிருந்தார்கள். தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. என் கணவர் வேலையிடத்தில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவார். நான் நாள் முழுக்க வீட்டுப் பானைத் தண்ணீரைக் குடித்தேன்.

ஊருக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டாம் என்று வீட்டுக்கார அக்கா கஸ்தூரியே எனக்கு வளைகாப்பு நடத்தினார். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கன்னத்திலும் கையிலும் அரைத்த மஞ்சளை அள்ளிப் பூசி நலங்கு வைத்தார்கள். மறுநாள் கழுவக் கழுவ மஞ்சள் போகவில்லை.

"இன்னா செல்வி, மஞ்சா சோக்கா புட்ச்சிகீது ஒனக்கு. பொண்ணுதான் பொறக்கும் பாரு" என்றார் அக்கா.

"நல்ல விரலி மஞ்சள்லா, லேசுல போவுமா?" என்று என் கணவரும் கேலி செய்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. சிறுநீர் பால் ஊற்றாத கட்டங்காப்பி நிறத்தில் போனபோது சூடு என்று இளநீர் குடித்தேன். வாந்தி நிற்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நலங்கு வைத்த மஞ்சள் இன்னும் போகவில்லை என்று டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"கண்ணுக்குள்ளயுமா பூசினாங்க?"

அன்றே சென்னைக்கு அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் ஈ (மலம் கலந்த தண்ணீரால் பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், நிறைமாதத்தை நெருங்கியவர்களுக்கு உயிரைக் குடிக்கும் என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார்.

"ரெண்டு பேரும் ஒரே தண்ணிதானே குடிக்கிறீங்க? அவருக்கு ஒண்ணும் இல்லையே?"

"நான் கம்பெனியிலயே குடிச்சிட்டு வந்திருவேன் சார்" என்றார் இவர். சொன்ன பிறகு தலையைத் தூக்கவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

அதன் பிறகு ஈரல் மயக்கம் (ஈரல் வடிகட்டாமல் விட்ட நஞ்சு மூளையைக் குழப்பும் நிலை) வந்துவிட்டது. அந்த நாட்கள் என்னிடம் இல்லை. கண் விழித்தபோது கை தானாக வயிற்றுக்குப் போனது. அங்கே தொய்ந்த தோல் மட்டும் இருந்தது.

"பொம்பளப் பிள்ள. மூச்சு இல்ல செல்வி" என்றார் இவர். சரி என்றேன்.

பார்க்க வந்த கஸ்தூரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பொழ்ச்சியே, அது போதும். தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சின்னு நெனச்சிக்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் பிள்ளையா தலைப்பாகை என்று அந்த ஒரு நொடி மட்டும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

விடுப்பு சொல்லக் கம்பெனிக்குப் போன இவர், கேன்டீனில் எனக்காக ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்திருக்கிறார். கேட்டில் செக்யூரிட்டி அதை வாங்கித் தரையில் கொட்டினாராம். "உள்ள எவ்ளோ வோணா குடிச்சிக்கோப்பா. வெளிய எட்துகினு போவக் கூடாது, ரூல்ஸு." இதைச் சொல்லும்போதுதான் இவர் உடைந்து அழுதார். பிள்ளையைக் கையில் வாங்கியபோதுகூட அழவில்லையாம்.

பிறகு டீக்கடையில் கெஞ்சிக் காய்ச்சிய தண்ணீரைப் பிளாஸ்கில் வாங்கி வந்தார். நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள், குடித்தேன். மார் கனத்துக் கல்லாகி, ஜாக்கெட் நனைந்தது. பிள்ளை இல்லை என்பது என் உடம்புக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. பால் வற்றட்டும் என்று நர்ஸம்மா மாரில் மல்லிகைப்பூ வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஈரல் தேறியது. கண் வெளுத்தது. உடம்பு எனக்குச் சொல்லாமலே தன் வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டது. பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த நாள் வருவதற்கு முன்பே பால் வற்றிவிட்டது.