பாத்திமா எதையும் மறக்கவில்லை

அமெரிக்காவில், ரவுண்ட் ராக் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இன்று மும்தாஜுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவள் மகள் பாத்திமாவுக்கு ஏழு வயது, ஆட்டிசம். கோடை விடுமுறையிலும் அவளுக்கு வகுப்பு தேவையா என்று முடிவெடுக்கும் மீட்டிங்.

பேச்சு வராத பாத்திமா, தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படம் போட்ட கார்டை எடுத்து நீட்டக் கற்றது இந்த வருடம்தான்.

"கிறிஸ்துமஸ் லீவில் எப்படி இருந்தாள்?" என்று டீச்சர் கேட்டார்.

கூட வந்திருந்த அவள் அப்பா நாசருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மும்தாஜ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு தினமும் அவளோடு உட்கார்ந்ததை, ஒரு கார்டுகூட அவள் மறக்காததை விரிவாகச் சொன்னார். பிள்ளையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று கிடைத்தால் நம்மில் யார்தான் விடுவோம்?

லீவில் மறந்துபோய், மறந்ததைத் திரும்பப் பிடிக்க வெகுநாளாகும் பிள்ளைகளுக்குத்தான் கோடை வகுப்பாம். நாசரைப் பாராட்டிவிட்டு, 'தேவையில்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

பார்க்கிங் லாட்டில் மும்தாஜ் வெடித்தாள். "பெருமையடிக்க வேற எடமே கிடைக்கலையாங்க? ரெண்டு வாரம் நான் உக்காந்தேன். சம்மர்ல ரெண்டரை மாசம் யாரு உக்காருவா? எனக்கு லீவே இல்ல. எல்லாம் போயிரும்."

"புள்ள நல்லா பண்ணுதுன்னு சொன்னது ஒரு குத்தமா?"

மார்ச்சில் வரும் ஒரு வார லீவு, ஸ்பிரிங் பிரேக், முடிந்ததும் இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காரில் ஏறும்போது மும்தாஜ் என்னிடம் கேட்டாள்: "அந்த ஒரு வாரம் கார்டையெல்லாம் ஒளிச்சு வச்சிரவா அக்கா?"

இந்த மீட்டிங்குகளுக்குப் போய் வந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: ஒரு வாரத்தில் எவ்வளவு மறந்தால் போதும்?