கப்பல்காரர் படகைத் தொலைத்த கதை

துறைமுகமே அவரைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிட்டது. இருந்ததோ ஒரே ஒரு சின்ன மரப்படகு, அதுவும் அப்பா விட்டுப்போனது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், சோப்பு, குடிதண்ணீர் எல்லாம் கொண்டுபோகும். திரும்பும்போது மாலுமிகளின் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றிவரும். அப்பா காலத்திலிருந்து ஒரு நாள்கூட முரண்டு பிடித்ததில்லை. கிண்டலுக்கு வைத்த பேரைப் பட்டமாக எடுத்துக்கொண்டு மனுஷன் தொப்பி வேறு வாங்கி மாட்டிக்கொண்டார். படகில் ஒரு கயிற்றைத் தொட்டிருப்பாரா? மழையிலும் வெயிலிலும் அதை ஓட்டியது அவர் மச்சான், பெண்டாட்டியின் தம்பி.

பெண்டாட்டி அவர் ஜம்பத்தை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுப் பழகியவள். தம்பி பிழைப்பு அந்தப் படகில்தானே ஓடுகிறது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் எதிரே படகு ஷெட் வைத்திருந்தவர் பளபளவென்று ஒரு ஃபைபர் படகு வாங்கிவிட்டார். கப்பல்காரருக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. உடனே தன் படகைக் கரைக்கு இழுத்து, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, போகிற வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று தன் ஷெட் வாசலில் நிறுத்திவைத்தார். கோடை முழுக்க அங்கேயே நின்றது. மரம் காய்ந்து சுருங்கிப் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டது. அந்தச் சந்துகளிலும் மக்குக் களிம்பை அப்பி மறைத்து, மேலே இன்னொரு கோட் அடித்தார்.

பெண்டாட்டி ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று தம்பி கெஞ்சிக்கொண்டிருந்தான். "மாமா, கரையோரமா கொஞ்ச நாள் தண்ணில அமுக்கி வெப்போம். மரம் ஊறி உப்பினாத்தான் சந்து அடையும். எல்லாரும் செய்றதுதானே?"

"புதுப் பெயின்ட் அடிச்ச படக எவனாவது தண்ணில அமுக்குவானா? பாக்கறவன் சிரிக்க மாட்டான்? நாளைக்கே கடலுக்கு எடு."

படகு தண்ணீரில் நனைந்தால் அழகு கெட்டுவிடுமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அன்றைக்கும் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் காற்று கிளம்பியது. வெளியே போன மற்ற படகுகள் அடிபட்டு மிதிபட்டாவது கரை சேர்ந்தன. இந்தப் படகில் மட்டும் அலை ஒவ்வொன்றுக்கும் மக்கு பெயர்ந்து, அடியிலிருந்து தண்ணீர் ஏறியது. ஒரு கையால் சுக்கானைப் பிடித்து, மறு கையால் இறைத்து, தம்பி என்னென்னவோ செய்து பார்த்தான். துறைமுக வாய்க்குச் சற்று வெளியே அது மூழ்கிப்போனது. ஒரு காலித் தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்து நீந்தி, அரை உயிராகக் கரை ஏறினான்.

கப்பல்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு டீக்கடையில் ஆரம்பித்தார். "புயலப் பாத்ததும் பயந்து படக விட்டுட்டு ஓடிட்டான். நான் இருந்திருந்தா கொண்டாந்திருப்பேன்." கரையில் கால் வழுக்கினாலே ஆளைக் கூப்பிடுகிற மனுஷன்! படகை விட்டுவிட்டு ஓடியவன் என்று பேர் வந்தபிறகு எந்த முதலாளி சுக்கானைக் கொடுப்பான்? ஏறாத ஷெட் இல்லை, தம்பிக்கு வேலை இல்லை. அக்கா குடும்பத்தில் சண்டை வந்துவிடும் என்று அவனும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் படகுச் சங்கத்தில் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்போதும் அவன் மாமாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. கப்பல்காரர் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்து புயலை வர்ணித்தார். சங்கத் தலைவர் கேட்டார்: "கோடை பூரா கரையில நின்ன படகாச்சே. எத்தனை நாள் ஊறப் போட்டீங்க?"

கப்பல்காரர் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார்.

"ஒரு நாள்கூட இல்லீங்க." பின்வரிசையிலிருந்து அவர் பெண்டாட்டி எழுந்தாள். "என் தம்பி கெஞ்சினான். பெயின்ட் கெட்டுடும்னு இவர்தான் வேணாம்னுட்டாரு. ஓட்டைய மக்கு வெச்சு மறைச்சு, என் தம்பிய அதுல ஏத்தி அனுப்புனாரு."

கூடம் கப்பல்காரரைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்து, "நாளைலேர்ந்து என் பெரிய படகுக்கு வந்துடு," என்றார்.

கப்பல்காரர் எழுந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தம்பியின் தோளில் தட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தியா மச்சான்? நம்ம படகு முழுகுனதாலதான் உனக்குப் பெரிய படகே கிடைச்சுது."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். "ஏய், வீடு இந்தப் பக்கம்டி," என்று அவர் பின்னாலிருந்து கத்தினார்.

"அது உங்க வீடு," என்றாள் அவள், திரும்பாமலே.