அண்ணன் புகழாத பெண்

ஹோட்டலில் என் வேலைக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்று பார்த்து, பயிற்சி கொடுத்து, மேலே ஏற்றிவிடுவதுதான் அதன் சாரம். சமையலறையிலும் சலவைப் பகுதியிலும் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் நான் வெறும் 'டிரெய்னிங் அக்கா'. டத்தோ கிராமாட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்றுவரை நான் ஹோட்டல் விருந்தாளிகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் மரியாதையாகப் பார்க்கிறார்கள், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலையில் சோம்பேறிகளைச் சமாளித்துவிடலாம். நல்ல ஆளைக் கீழே வைத்துக்கொண்டு அவரைப் பற்றி வாயே திறக்காத தலைவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அந்த வரிசையில் முதல் இடம் எங்கள் விருந்துக் கூடத்தில் பரிமாறுபவர்களுக்குத் தலைவரான கேப்டனுக்கு. ஐம்பதைத் தாண்டியவர். சீனர், மலாய்க்காரர், நேப்பாளிகள் எல்லாருக்கும் அவர் 'அண்ணே'தான். கல்யாண விருந்தில் கடைசி மேசையில் ஒரு கரண்டி கோணலாகக் கிடந்தாலும் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார். திட்ட ஆரம்பித்தால் மூன்று மொழியிலும் சரளம். பாராட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மொழியும் வராது. யாராவது பிரமாதமாக வேலை செய்தால் 'ம்' என்பார். அந்த 'ம்'மை வாங்கியவன் அன்று சகாக்களுக்கு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதெல்லாம் அவரைப் பற்றிய குறைதான்.

அவருக்குக் கீழே ஒரு பெண் இருந்தாள். ஆயர் ஈத்தாமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவள். கல்யாண சீசனில் தட்டு தூக்கப் பகுதிநேரமாகச் சேர்ந்து, நிரந்தரமாகி, அண்ணன் இல்லாத நாளில் கூடத்தையே நடத்துகிற அளவுக்கு வந்துவிட்டிருந்தாள். எங்கள் ஹோட்டல் குழுமம் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பும். ஓராண்டுப் பயிற்சி. முடித்து வந்தால் துணை மேலாளர். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு இதுவே கடைசி ஆண்டு.

பெயர் கொடு என்று நான்தான் நச்சரித்தேன். தான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள், அங்கே டிப்ளோமாக்காரர்கள் வருவார்கள் என்று தயங்கினாள். அண்ணனுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் வந்து, அண்ணன் 'ம்' என்றார் அக்கா என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தட்டு தூக்கி வந்த பெண்ணுக்குத் தலையில் கிரீடம் வைத்தாற்போல் இருந்தது.

தேர்வுக் கூட்டத்தில் நடைமுறை எளிது. ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தன் ஆளைப் பற்றிப் பேச வேண்டும். கேட்டுவிட்டு ஜி.எம்., அதாவது பொது மேலாளர், முடிவு செய்வார். அவர் ஈப்போச் சீனர், எங்களிடம் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, ஊழியர்களில் பாதிப் பேரின் முகம்கூடத் தெரியாது.

வரவேற்புப் பகுதித் தலைவர் முதலில் எழுந்தார். தன் பையனைப் பற்றித் திரையில் படம் போட்டுப் பேசினார். அந்தப் பையன் இல்லாவிட்டால் லாபியில் விளக்கே எரியாது என்று தோன்றும்படி பேசினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, தப்பில்லை. பையனும் நல்ல பையன்தான், வயதும் இருபத்தைந்துக்குள்.

அடுத்து அண்ணன். எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எப்படி வேலை செய்வாள் என்று ஜி.எம். கேட்டதற்கு மலாயில், "போலே தஹான் லா," என்றார். சுமார், பரவாயில்லை என்று அர்த்தம். இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பேனாவை அவர் மேல் எறிந்திருப்பேன். எறியாததற்கு ஒரே காரணம், நடுவில் அவள் நின்றிருந்தாள். ஆமாம், அவளேதான். கூட்டத்துக்குக் காப்பி ஊற்ற வந்திருந்தாள். பெரிய ஆட்கள் கூடும் இடமென்றால் அண்ணன் அவளைத்தான் போடுவார், அன்றும் வழக்கம்போல் போட்டுவிட்டார். ஊழியர்களின் தலைவிதியை, காப்பி ஊற்றுபவர்களுக்குக் காதே இல்லாததுபோல் அவர்கள் முன்னாலேயே பேசுவது எங்கள் ஹோட்டலின் பழைய வியாதி. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, தள்ளுவண்டியோடு வெளியே போனாள். முடிவை மறுநாள் காலை சொல்வதாக ஜி.எம். கூட்டத்தை முடித்தார்.

நான் அவள் பின்னாலேயே ஓடினேன். லிப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே பொய் பேச மாட்டாருக்கா," என்றாள். "நான்தான் கொஞ்சம் பெருசா நெனச்சுக்கிட்டேன் போல. சிங்கப்பூர்ல ஒரு ரெஸ்டாரண்ட்ல கூப்பிடறாங்க. போயிரலாம்னு பாக்கறேன்."

கோலாலம்பூர் போவது போகட்டும், இப்போது ஆளே போய்விடுவாள் போலிருந்தது. அதைவிட, தான் சுமார்தான் என்று அந்தப் பெண் நம்பிவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மதியம் அண்ணனைக் கையைப் பிடிக்காத குறையாக சூலியா தெருவில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்கு இழுத்துப் போனேன். தே வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன். மனுஷனா நீங்கள், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் உங்கள் சொத்து கரைந்துவிடுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டுப் பிள்ளையை நாமே சபையில் புகழலாமா, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது இல்லையா என்றார். முன்பு ஒரு பையனை முதலாளிமார் முன்னால் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தாராம். அடுத்த வாரமே பையன் மோட்டாரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டானாம். அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டு.

தே கொண்டுவந்து வைத்த கடைக்கார பாய் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தாங்கள் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுத்தான் புகழ்வோம், அப்போது கண் படாது, உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்குமே அண்ணே என்றார். அண்ணன் அவரை முறைத்தார்.

"கண்ணு பட்டா சுத்திப் போட்டுக்கலாம்ணே," என்றேன். "வாய்ப்பு போச்சுன்னா எதைச் சுத்திப் போடுவீங்க?"

அவள் லிப்ட் அருகே சொன்னதைச் சொன்னேன், சிங்கப்பூரையும் சேர்த்து. அவர் தே கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஹோட்டலுக்குள் நுழையும்போது, காலையில் ஜி.எம்.மிடம் வந்து சொல்கிறேன், ஆனால் அவள் அங்கே இருக்கக்கூடாது, அவள் எதிரில் எனக்கு வாய் வராது என்றார்.

ஜி.எம்.மிடம் போய் இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். எங்கள் ஆட்கள் சொந்தப் பிள்ளையைச் சபையில் புகழ மாட்டார்கள், சுமார் என்றால் பெருமைப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அம்மாவும் யாராவது மகனைப் பாராட்டினால், எங்கே, இவன் மண்டு, பார்க்கவும் சகிக்காது என்பாராம். சிறுவயதில் அதை உண்மையென்றே நம்பிக்கொண்டிருந்தாராம். சிரித்து முடித்துவிட்டு, சரி, ஆனால் அவர் மனதில் இருப்பதை நான் ஊகிக்க முடியாது, அவர் வாயாலேயே சொல்லட்டும் என்றார்.

வேலைப் பட்டியலை மாற்றும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அண்ணன் மறுநாள் காலைக்கு ஒரு நேப்பாளித் தம்பியைப் போட்டிருந்தார். ஆனால் முக்கியமாகக் கேட்க வேண்டியவளே அவள்தானே. நான் நேராக அவளிடம் போய், நாளைக் காலையில் காப்பி நீதான் கொண்டுவர வேண்டும், யார் கேட்டாலும் நான் சொன்னேன் என்று சொல் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் அண்ணன் நெற்றியில் திருநீறும் கஞ்சி போட்ட பாத்திக் சட்டையுமாக வந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்து இரண்டு சொல்லில் நின்றார். உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், இவர் மொழிபெயர்க்கட்டும் என்று ஜி.எம். என்னைக் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு அவள் காப்பியோடு வந்தாள். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும். பிறகு மேசையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் போனில் கத்திக்கொண்டிருந்தபோது, அவள் எல்லாரையும் மாடிப்படியில் வரிசையாக நிறுத்திக் கைமாற்றியே அத்தனை தட்டையும் மேலே ஏற்றிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது. இன்னொரு விருந்தில் ஒரு மேசையில் பெரியவர்கள் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார்கள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் ஒரே கரண்டி போய்வருவதை அவள்தான் கவனித்து, யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் குரல் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"புதுப் பசங்க கிளாஸ உடைச்சா, நான் வர்றதுக்குள்ள அந்தப் புள்ள பொறுக்கி ஒளிச்சிரும்," என்றார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. எனக்குத் தெரியும்."

அவள் காப்பிக் கெண்டியைப் பிடித்தபடி சுவரோரம் அசையாமல் நின்றிருந்தாள். இதையெல்லாம் முன்னமே ஏன் சொல்லவில்லை என்று ஜி.எம். கேட்டார். கண்ணடியைப் பற்றிச் சொல்வார், அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று நான் தயாராகிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு படும்னு ஒங்கிட்ட சொன்னது பாதிதான் தங்கச்சி. நல்லாச் செய்யும்னு சொன்னா கூட்டிக்கிட்டுப் போயிருவீங்க. அப்புறம் எனக்கு யார் இருக்கா? வெளியே சொல்லாம இருந்தா நம்மகிட்டயே இருந்துரும்னு நெனச்சேன்."

என்ன சொல்கிறார் என்று ஜி.எம். கேட்டார். அவள் தயாராக இருக்கிறாளாம் என்று மட்டும் சொன்னேன்.

ஜி.எம். கெட்டிக்காரர். என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், சுவரோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். இவள்தானா என்று கேட்டார். வரவேற்புப் பகுதிப் பையனுக்கு வயது இருக்கிறது, அடுத்த ஆண்டு பார்க்கலாம், இந்த ஆண்டு இவள் போகட்டும் என்றார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் கோப்பை யாருக்கு என்பதில் அண்ணன் கறார் பேர்வழி. மேசையில் யார் பெரியவரோ அவருக்குத்தான் முதலில் வைக்க வேண்டும், கேப்டனுக்கு விருந்தாளி மேசையில் கோப்பையே கிடையாது. அதில் தவறிய எத்தனையோ பேர் அவரிடம் மூன்று மொழியிலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கெண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜி.எம்.மைத் தாண்டி வந்து, ஒரு கோப்பையை அண்ணன் முன்னால் வைத்து, காப்பி ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கினாள். தட்டில் கொஞ்சம் சிந்தியது.

அண்ணன் சிந்தியதைப் பார்த்தார். கோப்பையை எடுத்துக் குடித்தார்.